கப்பல் போட்ட காசு

மழை விட்ட மறுநாள் காலையில், உப்பளத்து வரப்பில் ஒரு பொம்பளை தலையைக் குனிந்துகொண்டு தனியாக நடந்தால், எதிரில் வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "இன்னாம்மா தொலைச்சிட்டே?" என்பதுதான். முதல் தடவை கேட்டபோது, "கம்மல் திருகாணி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். சொன்ன பாவத்துக்கு இரண்டு பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னோடு சேற்றில் திருகாணி தேடினார்கள். கிடைக்காததற்கு என்னைவிட அவர்கள்தான் வருத்தப்பட்டார்கள். அதற்குப் பிறகு "சும்மாதான் நடக்குறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சும்மா நடக்கிற பொம்பளையை எங்கள் ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும்.

நான் தேடிக்கொண்டிருந்தது ஒரு காசு. கப்பல் படம் போட்ட பழைய செப்புக் காசு. அதை முதலில் தேடியவர் என் வீட்டுக்காரர். அவர் போன பிறகு நான் தேடினேன்.

மரக்காணத்தில் துணி தைத்துப் பிழைக்கிறவள் நான். முன்னறையில் மெஷின், அதற்குப் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பஸ் போகிற ரோடு. வீட்டுக்காரர் உப்பளத்தில் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்திவந்தார். ஒரே மகள், கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வெயில் காலத்தில், வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். காலையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன், சாயங்காலம் அந்தச் சட்டையை ஆஸ்பத்திரியில் கிழித்துக் கையில் கொடுத்தார்கள்.

உப்பளத்தில் பழைய சாமான் எப்படிக் கிடைக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்களுக்கு அது ஒன்றும் அதிசயமில்லை. மழைக்காலம் முடிந்து, தேங்கின தண்ணீரை இறைத்த பிறகு, பாத்தியின் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். கெட்டிப்படாத தரையில் உப்பு வாரினால் சேறும் சேர்ந்து வரும். ஆட்கள் வரிசையாக நின்று நாள் கணக்கில் மிதிப்பார்கள். காலில் குத்துகிற எதையும் குனிந்து எடுத்து வரப்பு மேல் வீசிவிட்டு அடுத்த அடி வைப்பார்கள். கிளிஞ்சல், கல், ஓட்டாஞ்சில்லு எல்லாவற்றுக்கும் அதே வீச்சுதான். அது நேற்று உடைந்த பீங்கானா, எந்த ராஜா காலத்துப் பானையா என்று நின்று பார்க்க யாருக்கு நேரம்? இப்படி எறிந்து எறிந்து எங்கள் வரப்புகளுக்குள் பழைய காலம் நிறையக் கிடக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழை மேல்மண்ணைக் கரைத்துவிடும்போது அது வெளியே தலைகாட்டும்.

வீட்டுக்காரருக்கு இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியாது. நான் கல்யாணமாகி வந்தபோதே முற்றிப்போயிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வருவார், சட்டைப் பை இடுப்பு வரைக்கும் தொங்கும். கொட்டினால் ஓடு, பாசிமணி, தேய்ந்துபோய் ஒன்றும் தெரியாத காசு. துவைத்துத் துவைத்து அலுத்துப்போய், அவர் சட்டைகளுக்கெல்லாம் உள்ளே ஒரு மடிப்புத் துணி கொடுத்து இரட்டைப் பை தைக்க ஆரம்பித்தேன். "நீங்க இந்த மண்ணைத்தான் கட்டியிருக்கணும், என்னை ஏன் கட்டினீங்க?" என்று கேட்பேன். சிரிப்பார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் ஏதாவது கிடைத்த நாளில் மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏம்மா, இங்க வா, வந்து பாரு" என்று குரல் வரும். நான் ஊசியை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். எனக்கு அது ஒரு பச்சைக் கறை படிந்த தகடு. அவருக்கு உலகம். பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவேன். அது போதும் அவருக்கு.

காசு கிடைத்தால் அவர் ஒருபோதும் தேய்க்க மாட்டார். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் பிடித்து அதில் போட்டு ஜன்னலில் வைப்பார். தினமும் தண்ணீரை மாற்றுவார். மண் தானாக விட்டுக்கொடுக்கும்வரை கை வைக்கக் கூடாது என்பார். அந்தப் பச்சைக் கறைதான் காசின் தோல், படம் அதில்தான் நிற்கிறது, தேய்த்தால் தோலோடு போய்விடும் என்பார்.

ஒரு முறை கிடைத்ததையெல்லாம் மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனார். அங்கே கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர், உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார். என் வீட்டுக்காரர், அந்தக் காலத்தில் நம் ஊருக்குக் கப்பல் வந்து போயிருக்கிறது, இந்த ஓடெல்லாம் அதற்குச் சாட்சி என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அந்த வாத்தியார், "ஓடு நிறைய ஊர்ல கிடைக்குதுங்க. கப்பல் போட்ட காசு ஒண்ணு உங்க உப்பளத்துல கிடைச்சா சொல்லுங்க, நானே எழுதுறேன்" என்றாராம். அன்றைக்குப் பிடித்தது சனி. விஷயம் ஊருக்குத் தெரிந்துபோய், டீக்கடைக்குப் போனால், "இன்னாப்பா, கப்பல் கரைக்கு வந்துடுச்சா?" என்று கேட்பார்கள். "ஓட்டாஞ்சில்லு முதலாளி" என்று ஒரு பேர் வேறு. அதற்கும் சிரிப்பார். எனக்குத்தான் வயிறு எரியும். அந்த எரிச்சலை டீக்கடையில் காட்ட முடியாது, அவரிடமே காட்டுவேன்.

கப்பல் கிடைக்காமலே அவர் போய்விட்டார்.

சாவு வீட்டில் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார். "பூமிக்குள்ள போனதை வீட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சா அது சும்மா போவாது. எத்தினி வாட்டி சொன்னேன், கேட்டானா?" அது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மண்ணில் கிடைத்ததை வீட்டில் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் பதிலுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போகும் என்பார்கள். தம்பியைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில் சொன்னார் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அண்ணி வீடு பக்கத்துத் தெருவில்தான். என் வாசலைத் தாண்டிக் கோயிலுக்குப் போவார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

காரியமெல்லாம் முடிந்து, மகளும் கிளம்பிப் போன பிறகு, வீட்டில் மெஷின் சத்தம் மட்டும்தான். மெஷினை நிறுத்தினால் அதுவும் இல்லை. அந்த வருஷம் முதல் மழை விட்டதும், அவர் சேர்த்ததையெல்லாம் போட்டுவைத்திருந்த பிஸ்கட் டப்பாக்களை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். எங்கிருந்து எடுத்தாரோ அங்கேயே கொட்டிவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணம். அண்ணி சொன்னது எங்கேயோ என்னையும் அரித்துக்கொண்டிருந்தது.

கொட்டுவதற்குக் குனிந்தேன். கால் பக்கத்தில், மழை அறுத்த வரப்பில், சிவப்பாக ஒரு பாசிமணி கழுவிவிட்டது மாதிரி நின்றது. நடுவில் ஓட்டை. யாரோ ஒருத்தி கழுத்தில் கிடந்தது. நூல் அறுந்து விழுந்தபோது அவளும் இப்படித்தான் குனிந்து தேடியிருப்பாள், கிடைக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. காது சூடாகி, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இதற்காகத்தானா இந்த மனுஷன் சோற்றை மறந்து அலைந்தார் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. "என்னங்க, இங்க பாருங்க" என்று சொல்லித் திரும்பினேன். பின்னால் பாத்தி பாத்தியாகத் தண்ணீர்தான் இருந்தது. ஒரு கொக்கு இருந்தது.

டப்பா ஒன்றையும் கொட்டாமல் திருப்பிக் கொண்டுவந்தேன். அன்றையிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் போனேன். கப்பல் போட்ட காசு ஒன்று, ஒரே ஒன்று, கிடைத்துவிட்டால் போதும். அந்த மனுஷன் கிறுக்கன் இல்லை என்று ஒரு ஆளாவது எழுத்தில் ஒப்புக்கொள்வார்கள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அது கிடைத்தது போன மார்கழியில். புயல் மழை கொட்டித் தீர்த்து வெளுத்திருந்த காலை. பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வரப்பு ஒரு இடத்தில் சரிந்து விழுந்திருந்தது. சரிந்த மண்ணில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பச்சை. எடுக்கவில்லை. பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். எடுத்து, இதுவும் தேய்ந்த வெறும் தகடு என்று தெரிந்துவிட்டால் அந்தப் படபடப்பு முடிந்துவிடும். முடிய வேண்டாம் என்று இருந்தது. சூரியன் நன்றாக ஏறிய பிறகு எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் செய்த மாதிரியே டம்ளரில் மழைத்தண்ணீர். ஜன்னல். தினமும் தண்ணீரை மாற்றினேன். மண் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஒருநாள் காலையில் வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்தபோது, ஊசி கோக்க வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்து, காசை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தேன். நேராகப் பிடித்தால் ஒன்றும் இல்லை. சாய்த்தால் இருந்தது. கீழே ஒரு வளைவு. வளைவின் மேல் இரண்டு கம்பம். கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் இறங்குகிற கயிறு, நான் போடுகிற ஓட்டுத்தையல் மாதிரி புள்ளி புள்ளியாக.

"வந்துடுச்சுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்த அறையில் கேட்க யாரும் இல்லை என்பது உறைத்தது. சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தேன். துக்கத்துக்கு ஊரே வந்து உட்கார்ந்தது. இதற்கு யாரைக் கூப்பிடுவது?

மகளுக்கு வீடியோ கால் போட்டேன். காசை கேமரா முன்னால் சாய்த்துச் சாய்த்துக் காட்டினேன். "பச்சையா என்னமோ தெரியுதும்மா. நல்லா இருக்கு. நீ சாப்பிட்டியா?" என்றாள். நல்ல பெண். அங்கிருந்து அவளால் விசாரிக்க முடிந்தது சாப்பாட்டைத்தான். போட்டோவும் எடுத்துப் பார்த்தேன், எப்படி எடுத்தாலும் பச்சைப் பொட்டுதான் விழுந்தது. கப்பல் என் கண்ணுக்கும் அந்த ஜன்னல் வெயிலுக்கும் மட்டும்தான் தெரிந்தது.

அன்றைக்கே புதுச்சேரிக்குப் பஸ் ஏறியிருக்கலாம். பொங்கலுக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. பொங்கல் துணியைப் பொங்கலுக்குள் கொடுக்காத தையல்காரியிடம் அப்புறம் யாரும் துணி கொடுக்க மாட்டார்கள். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மண் ஒட்டிக்கொண்டிருந்ததால் காசைத் திரும்ப டம்ளரில் போட்டேன். தைத்துக் கொடுத்து முடித்துவிட்டு, பொங்கல் கழித்துப் போகலாம் என்று இருந்தேன்.

ஜாக்கெட் எல்லாம் முடிந்தது. கையோடு காய்ச்சல் வந்து படுத்தேன். தலையைத் தூக்க முடியவில்லை. துணி வாங்க வந்த யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கண்ணைத் திறந்தபோது அண்ணி நின்றார். அவர் வீட்டுக்குள் வந்தது சாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான். பழைய பேச்சு ஒன்றும் எடுக்கவில்லை. "எழுந்திரு, கஞ்சி குடி" என்றார். குடித்தேன். அடுத்த நாளும் வந்தார். பெருக்கினார், துணி துவைத்தார், என் தலையைத் துவட்டிவிட்டார். ஜுர வேகத்தில் நான் ஏதேதோ உளறினேன் போல. "கப்பல் கப்பல்னு சொல்லிக்கினே இருந்தியே" என்று பிறகு சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. வீடெல்லாம் புளி வாசனை. முந்தின நாள் வியாழக்கிழமை என்பதும், வெள்ளிக்கிழமைக்கு விளக்கு தேய்க்கிற நாள் அது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாமி மாடத்தில் குத்துவிளக்கு பளபளவென்று நின்றது. அதன் காலடியில் ஒரு வெற்றிலை. வெற்றிலை மேல், மஞ்சள் குங்குமம் வைத்து, புதுச் செம்புச் சொம்பு நிறத்தில் அந்தக் காசு.

"டம்ளர்ல ஊறப் போட்டிருந்தியே. நீ தேய்க்க முடியாம படுத்துட்டியேன்னு நானே விளக்கோட சேர்த்துத் தேய்ச்சிட்டேன்" என்றார் அண்ணி. "லேசுல போவலை. நம்ம உப்பையும் புளியையும் வெச்சு அழுத்தி அழுத்தித் தேய்ச்சேன். பீடையெல்லாம் போயிடுச்சு. இனிமே தைரியமா வீட்டுல வெச்சுக்கலாம். தம்பி வெச்சதும் இருக்கட்டும், கொட்ட வாணாம்."

எடுத்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வழுவழுவென்று இருந்தது. என் மூக்குக்கண்ணாடி அதில் தெரிந்தது.

"நல்லா இருக்குதுல்ல?" என்று கேட்டார் அண்ணி. விரல் நுனியெல்லாம் புளியில் ஊறிச் சுருங்கிப்போயிருந்தது அவருக்கு.

"நல்லா இருக்குது அண்ணி" என்றேன்.

பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவர் தம்பி ஆயுசு முழுக்கத் தேடினதை, ஒரு சாயங்காலத்தில், பாசத்தால் தேய்த்துக் கழுவிவிட்டார். கத்திவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. வெளியே அண்ணி எனக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. அவர் என்ன செய்தார் என்று தெரிந்தால் தாங்க மாட்டார். தாங்கினாலும் இந்த வீட்டுப் படி மறுபடி ஏற மாட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இட்லி சாப்பிட்டேன்.

பொங்கல் கழித்து, எதற்கும் போய்ப் பார்த்துவிடலாம் என்று காசை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். "வாத்தியார்கிட்ட காட்டிட்டு வா, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார் அண்ணி. அந்த வாத்தியாருக்கு என் வீட்டுக்காரரை நினைவிருந்தது. போய்விட்டார் என்றதும் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு லென்ஸை எடுத்துக் காசை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைத் தேய்ச்சுட்டீங்களாம்மா?"

"ஆமாங்க. விவரம் தெரியாம நான்தான் தேய்ச்சிட்டேன்."

"தேய்க்கிறதுக்கு முன்னாடி இதுல ஏதாவது பார்த்தீங்களா?"

சொன்னேன். வளைவு, இரண்டு கம்பம், புள்ளி புள்ளியாகக் கயிறு. அவர் சிரிக்கவில்லை. குறுக்கே பேசவும் இல்லை. கடைசியில், "நீங்க பார்த்திருக்கலாம்மா. ஆனா என் கண்ணால பார்க்காததை நான் எழுத முடியாதே" என்றார். காசை ஒரு காகிதத்தில் மடித்துத் திரும்ப என் கையில் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது கோட்டக்குப்பம் தாண்டுகிறவரை அந்தப் "பார்த்திருக்கலாம்" என்ற வார்த்தை என்னைக் குடைந்தது. பார்க்க ஆசைப்பட்டதைத்தான் பார்த்தேனா? காய்ச்சல் அப்போதே உள்ளே இருந்து, அதனால் கண்டேனா? ஒரு ஆள் பக்கத்தில் இருந்து "ஆமா" என்று சொல்லியிருந்தால் இந்தச் சந்தேகம் வந்திருக்காது. தனியாக இருக்கிறவள் கண்ணால் கண்டதைக்கூடத் தானே நம்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பஸ் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கயிற்றுப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இருந்தன. நான் பார்த்தேன். உப்பளம் கண்ணில் படுகிற நேரத்தில் அதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தார் அண்ணி. எனக்காகக் காத்திருந்திருக்கிறார். உட்கார்ந்ததும் இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, குடிக்காமல் என் வாயையே பார்த்தார்.

"வாத்தியாரு இன்னா சொன்னாரு? தம்பி சொல்லுவானே, கப்பலு. அது இதுல இருக்குதாமா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு ஆசை இருந்தது. தம்பி ஜெயித்துவிட்டான் என்று கேட்க அவருக்கும் ஆசை. ஊரில் என்னைத் தவிர அந்த ஆசை உள்ள ஒரே ஆள் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். இருந்தது என்று சொன்னால், எங்கே போனது என்று கேட்பார்.

"இல்லையாம் அண்ணி" என்றேன். "வெறும் காசுதானாம்."

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம். இல்லாததைத் தேடித் தேடியே போயிட்டான் என் தம்பி" என்றார்.

காசு மடித்த காகிதத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆறிடப் போவுது அண்ணி, குடிங்க" என்றேன்.